இருதயத் தமனியின் இசிவு

மாரடைப்பு என்றதும் கொழுப்பு அடைத்த குழாய்தான் நம் நினைவுக்கு வரும். பெரும்பாலும் அது உண்மையே. ஆயினும் அத்தகைய அடைப்பு இல்லாதபோதும் இருதயத் தசைக்குச் செல்லும் இரத்தம் சட்டென்று நின்றுவிடக்கூடும். விலங்கியல் மாணவன் என்ற முறையில் அதனை இங்கே விளக்க முற்படுகிறேன்.

இருதயத் தமனிகளின் சுவரில், நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத மென்தசை வளையமாகச் சூழ்ந்துள்ளது. குடலிலும் இவ்வகைத் தசையே உண்டு. அங்கே அது இழுத்துப் பிடித்தால் வயிறு பிசைகிறது. தமனியில் பிடித்தால் நெஞ்சு இறுகுகிறது. இதுவே இசிவு. பல வேளைகளில் சில நிமிடங்களில் தானே தளர்ந்துவிடும். தளராவிடில், இரத்தம் பெறாத தசையின் மின்னோட்டம் தாறுமாறாகி, இருதயத்தின் கீழறைகள் துடிப்பதை விட்டு வெறுமனே நடுங்கத் தொடங்கலாம். அந்நொடியே நாடி நின்றுவிடும்.

அமெரிக்க மருத்துவர் மைரன் பிரின்ஸ்மெட்டல் 1959-இல் இத்தகைய நெஞ்சுவலியைத் தனியாகப் பிரித்து விளக்கினார். உழைக்கும்போது வரும் வலியன்று இது. ஓய்வில், பெரும்பாலும் பின்னிரவிலும் விடியலிலும் வருவது. 1970-களில் இத்தாலியின் பீசா நகரில் அட்டிலியோ மசேரி குழுவினர், வலி வந்த வேளையிலேயே தமனிக்குள் சாயம் செலுத்திப் படமெடுத்து, குழாய் இறுகுவதைக் கண்ணாரக் காட்டினர்.

எங்கள் மருங்காபுரிப் பக்கத்தில் விடியலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டவர், பேருந்தேறித் திருச்சி சேர்வதற்குள் இவ்வலி பறந்துவிடும். இ.சி.ஜி.யும் ஒழுங்காகவே இருக்கக்கூடும். "வாயுதான்" என்று இஞ்சிச் சாற்றைக் குடித்துவிட்டு மறுநாள் வயலுக்குப் போய்விடுவார். (வாயுவின் தலையில் நாம் சுமத்தாத பழிதான் ஏது!) வலி இருக்கும்போதே எடுக்கும் இ.சி.ஜி.தான் இந்நோயைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே உடனே 108-ஐ அழைப்பதும், வலி எந்த நேரத்தில் வந்தது, எத்தனை நிமிடம் இருந்தது என்பதை மருத்துவரிடம் சொல்வதும் உயிர்காக்கும் செயல்கள்.

பீடியும் சிகரெட்டும் இசிவை வரவழைப்பவற்றுள் முக்கியமானவை. வலியின்போது மருத்துவர் நாக்கின் அடியில் வைக்கத் தருவது நைட்ரோகிளிசரின். ஆம், டைனமைட்டில் உள்ள அதே பொருள்! அது உடலில் நைட்ரிக் ஆக்சைடை வெளிவிட்டுத் தசையைத் தளர்த்துகிறது. நைட்ரிக் ஆக்சைடின் இப்பணியைக் கண்டறிந்த மூவருக்கு 1998-இல், டைனமைட்டைக் கண்டுபிடித்த நோபலின் பெயராலான பரிசே கிடைத்தது. இசிவு மீண்டும் வராமல் தடுக்கக் கால்சியம் தடுப்பு மாத்திரைகள் உண்டு. ஆனால் பிற நெஞ்சுவலிக்குத் தரும் பிரொப்ரனலால் இதனை மோசமாக்கலாம். பக்கத்து வீட்டாரின் மாத்திரையை வாங்கி விழுங்குவது அதனால்தான் ஆபத்து.

ஒருவர் நினைவிழந்து, மூச்சும் நின்று விழுந்துவிட்டால், ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் மார்பின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருக்கவேண்டும். நம் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் இதைப் பழகிக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும்.