எட்டுப் பற்களில் ஒரு வமிசாவளி

நெற்பயிரின் இலை கையை அறுக்கும் என்பது காவிரிக் கரையில் பிறந்தவர்களுக்குப் புதிய செய்தியன்று. களை எடுப்பவரும் கதிர் அறுப்பவரும் நாள்தோறும் அறிந்த அனுபவம் அது. உமிக்கரி கொண்டு பல் துலக்குவதும், உமிச் சாம்பலால் பாத்திரம் தேய்ப்பதும் நம் வீடுகளில் நெடுங்காலம் இருந்து வந்த வழக்கங்கள். இவற்றிற்கெல்லாம் காரணம் ஒன்றே. நெல்லும் அதன் இனமான புல்வகைகளும் மண்ணிலுள்ள மணற்சத்தை நீருடன் உறிஞ்சி, இலையிலும் தாளிலும் உமியிலும் கண்ணாடித் துணுக்குப் போன்ற நுண்ணிய மணிகளாகச் சேர்த்து வைக்கின்றன. ரஸாயன நூலார் சிலிகா என்று கூறுவது இதனையே.

ஆகவே, புல்லைத் தின்று உயிர்வாழும் பிராணிக்குப் பல் தேய்வது விதி. அந்தத் தேய்வுக்கு ஈடுகொடுக்கும் வண்ணம் மாடு, குதிரை முதலியவற்றின் கடைவாய்ப் பற்கள் மிக உயரமாக அமைந்திருக்கின்றன. ஆனால் மாடும் குதிரையும் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்பே, டைனோஸர்கள் உலாவிய காலத்திலேயே, இத்தகைய உயர்ந்த பல் படைத்த சிறு பிராணி ஒன்று நம் தேசத்தில் வாழ்ந்தது. பாரததேரியம் என்பது அதற்கு இட்ட பெயர். அது எந்த வமிசத்தைச் சேர்ந்தது, நமக்கு என்ன உறவு என்பதைக் கண்டறிய அறிஞர்கள் பட்ட பாட்டை வாசகர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

எரிகுழம்பின் நடுவே ஏரிகள்

சுமார் 6 கோடியே 60 லக்ஷம் வருஷங்களுக்கு முன்னர், தக்காணத்தில் பூமி பிளந்து எரிகுழம்பு வெள்ளமாய்ப் பெருகியது. ஒரு வெள்ளம் ஆறி இறுகிய பிறகு மற்றொன்று அதன்மேல் பரவும். இன்றும் சுமார் 5 லக்ஷம் சதுர கிலோமீட்டர் பரப்பில் அந்தக் கருங்கல் அடுக்குகள் படிந்து கிடக்கின்றன.

இரண்டு வெள்ளங்களுக்கு இடையே நீண்ட ஓய்வு உண்டு. அக்காலத்தில் மழை பெய்யும். பள்ளங்களில் நீர் தேங்கும். மீனும் தவளையும் நத்தையும் குடியேறும். கரையில் சிறு விலங்குகள் நடமாடும். பின்னர் அடுத்த எரிகுழம்பு வந்து அனைத்தையும் மூடிவிடும். சுவடியின் இரண்டு ஓலைகளுக்கு நடுவே அகப்பட்ட பூச்சியைப்போல, அந்தக் குளத்து வண்டல் பாறைகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கும்.

ஐதராபாத்துக்கு மேற்கேயுள்ள நாஸ்கல் என்ற கிராமத்தில் இத்தகைய வண்டல் அடுக்கு ஒன்று உண்டு. இம்மாதிரி மண்ணை மூட்டை மூட்டையாகச் சேகரித்து, ஊறவைத்து, நுண்ணிய சல்லடைகளில் அலசி, மிஞ்சிய பொடியைப் பூதக்கண்ணாடியின் கீழ் ஊசிமுனையால் துழாவிப் பார்ப்பதே ஆராய்ச்சி முறை. பேராசிரியர் அசோக் ஸாஹ்னியும் ஜி. வி. ஆர். பிரஸாதும் இவ்வாறு நாஸ்கலில் தேடி, டைனோஸர் காலத்துப் பாலூட்டி ஒன்றை 1988-இல் உலகுக்கு அறிவித்தார்கள். பாரத நாட்டில் கிரெடேஷஸ் யுகத்துப் பாலூட்டி அறியப்பட்டது அதுவே முதல் தடவை. டெக்கனோலெஸ்டீஸ் என்று அதற்குப் பெயரிட்டார்கள்.

மறு வருஷம், 1989-இல், அதே நாஸ்கலில் வேறு வகையான பல் ஒன்று அகப்பட்டது. அதன் விவரம் 1997-இல் வெளிவந்தது. பின்னர், கர்நாடகத்துக் கோகாக்கிலும் மத்தியப் பிரதேசத்துக் கிஸல்புரியிலும் அத்தகைய பற்கள் கிடைத்தன. 2007-இல் இரண்டு குழுவினர், ஒருவரையொருவர் அறியாமலே, அப்பிராணிக்குப் பெயர் சூட்டினர். ஒரு குழு பாரததேரியம் போனபார்ட்டி என்றது. மற்றொன்று தக்ஷிணா ஜெடெரி என்றது. முதலில் அச்சேறிய பெயரே நிலைக்கும் என்பது விலங்கு நூலாரின் விதி. சில மாதங்கள் முந்திக்கொண்ட பாரததேரியமே நிலைத்தது. பாரதத்தின் விலங்கு என்பது அதன் பொருள். போனபார்ட்டி என்பது, இவ்வினத்தைப் பற்றித் தென் அமெரிக்காவில் முதன்முதல் ஆராய்ந்தவர்களுள் ஒருவரான ஹோஸே போனபார்ட்டே என்ற அர்ஜெண்டீன அறிஞரின் நினைவுக்காக இட்டது.

அப்போது அறியப்பட்டிருந்தவை எல்லாம் சேர்ந்து எட்டுப் பற்களே. முன்பல் ஒன்று, கடைவாய்ப் பற்கள் ஏழு. கடைவாய்ப் பல்லின் உயரம் 6 முதல் 8.5 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு நெல்மணியின் நீளம்.

உறவு தேடிய கதை

இவ்வினத்தின் பற்கள் முதலில் வெளிப்பட்டது தென் அமெரிக்காவின் தென்கோடியான படகோனியாவில். 1984-இல் ஸுதமெரிக்கா என்ற பிராணியும், 1986-இல் கோண்டுவானாதேரியம் என்ற பிராணியும் பெயர் பெற்றன. கோண்டுவானா என்ற சொல் நம் நாட்டுக் கோண்டு மக்களின் பிரதேசத்திலிருந்து எடுக்கப்பட்டது. தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இந்தியா, அண்டார்க்டிகா, ஆஸ்திரேலியா ஆகிய அனைத்தும் ஒன்றாய் இணைந்திருந்த பண்டைப் பெருங்கண்டத்துக்கு அப்பெயரையே பூமி நூலார் சூட்டினர். நம் மத்திய இந்தியப் பாறைகளில் பிறந்த பெயர், உலகின் மறுகோடியில் கிடைத்த விலங்குக்கு உரியதாயிற்று.

அந்த உயர்ந்த பற்களைக் கண்ட அறிஞர்கள், தென் அமெரிக்காவுக்கே உரிய ஸ்லாத், ஆர்மடில்லோ முதலியவற்றின் மூதாதையரோ என்று முதலில் ஐயுற்றனர். நாற்று நட்டுத் தேய்ந்த இரண்டு பெண்களின் விரல்கள் ஒத்திருந்தால், அவர்கள் அக்காள் தங்கையாக இருந்துதான் தீரவேண்டும் என்பதில்லையே! ஒரே தொழில் ஒரே அடையாளத்தை இடும். கரடான உணவைத் தின்ன வேண்டிய எந்த இனத்துக்கும் உயர்ந்த பல் வளரலாம். தொழில் இட்ட அடையாளம் எது, குலத்தில் வந்த அடையாளம் எது என்று பிரித்தறிவதே வமிசாவளி ஆராய்ச்சியின் உயிர்நாடி.

அடுத்து, 1990-களின் முற்பகுதியில், பல்முகட்டுப் பிராணிகள் என்ற பழைய இனத்துடன் இவற்றைச் சேர்த்தனர். கடைவாய்ப் பல்லின்மேல் வரிசை வரிசையாகச் சிறு முகடுகள் கொண்ட அந்த இனம், எலியைப்போன்ற தோற்றத்துடன் பத்துக் கோடி வருஷங்களுக்கு மேல் வாழ்ந்து மறைந்தது. இரண்டு இனங்களும் மெல்லும் விதம் ஒன்றுபோலிருந்தது. நம் மாடு தாடையைப் பக்கவாட்டில் அசைத்து அசைபோடுகிறது. இவையோ கீழ்த்தாடையைப் பின்னோக்கி இழுத்து அரைத்தன. ஆனால் 1999-இல் விவரிக்கப்பட்ட ஸுதமெரிக்காவின் தாடையில் நான்கு கடைவாய்ப் பற்கள் இருந்தன. பல்முகட்டினத்தின் கணக்குக்கு அது ஒத்துவரவில்லை. மீண்டும் இவை உறவறியாத அநாதைகளாயின.

வழக்கைத் தெளிவித்தது மடகாஸ்கர். மீன் எலும்புகளுக்காக அங்கிருந்து கொண்டுவந்த பாறையொன்றை ஊடுகதிரால் படம் பிடித்தபோது, அதனுள் எவரும் எதிர்பாராத மண்டையோடு ஒன்று தென்பட்டது. 2014-இல் அதற்கு வின்டானா என்று பெயரிட்டனர். மடகாஸ்கர் மொழியில் அதிர்ஷ்டம் என்று பொருள். சுமார் 9 கிலோ எடையிருந்திருக்கக் கூடிய பிராணி அது. 2020-இல் அடலதேரியம் என்ற மற்றொன்றின் ஏறக்குறைய முழுமையான எலும்புக்கூடு விவரிக்கப்பட்டது. பல் மட்டுமே சாட்சி சொல்லிவந்த வழக்கில் மண்டையும் முதுகெலும்பும் காலும் வந்து சாட்சி சொல்லின. கோண்டுவானாதேரிகளும் பல்முகட்டினமும் நெருங்கிய தாயாதிகள், இரண்டும் அல்லோதேரியா என்ற பெருங்கிளையைச் சேர்ந்தவை என்பதே அதனால் வலுப்பெற்ற முடிவு.

இன்று உலகில் எஞ்சியுள்ள பாலூட்டிகளின் கிளைகள் மூன்று: முட்டையிடும் பிளாடிபஸ் முதலியவை; குட்டியைப் பையில் வளர்க்கும் கங்காரு முதலியவை; கருவிலேயே நெடுநாள் தாங்கிப் பெறும் மனிதர், மாடு, யானை முதலியவை. அல்லோதேரியா இம்மூன்றிலும் அடங்காத மற்றொரு கிளை. ஆகவே பாரததேரியம் நமக்குப் பாட்டனும் அல்ல, முப்பாட்டனும் அல்ல. சந்ததி இல்லாமல் அற்றுப்போன பங்காளி. அந்தக் கிளை பாலூட்டிகளின் அடிமரத்தில் எந்த இடத்தில் பிரிந்தது என்பதில் அறிஞர்களிடையே இன்னும் விவாதம் நடக்கிறது. ஹராமியா என்ற மிகப் பழைய கூட்டத்தையும் இதில் சேர்ப்பதா, விலக்குவதா என்பதே விவாதத்தின் முடிச்சு. அக்கூட்டத்தின் கடைசி எச்சமாக இருக்கலாம் என்று கருதப்படும் பல் ஒன்றும் நாஸ்கலிலேயே கிடைத்து, 2006-இல் அவசிஷ்டா என்று பெயர் பெற்றது. எஞ்சி நின்றது என்று பொருள்.

நெல்லின் மூதாதையர்

சரி, டைனோஸர் காலத்தில் புல் ஏது என்று வாசகர் கேட்கலாம். நெடுநாள் அறிஞர்களும் அவ்வாறே கேட்டனர். 2005-இல் அதற்கு விடை கிடைத்தது. மகாராஷ்டிரத்துப் பிஸ்துராவில் கல்லாய்ச் சமைந்துபோன டைனோஸர் சாணத்தை லக்னோவைச் சேர்ந்த வந்தனா பிரஸாத் அம்மையாரும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்தனர். அதனுள்ளே புல்லின் சிலிகா மணிகள் சிதையாமல் இருந்தன. 2011-இல் அவர்கள் மேலும் ஒன்றைக் காட்டினர்: அம்மணிகளில் சில நெல்லின் குலத்தையே சேர்ந்தவை!

பற்கள் கிடைத்த இடங்கள் வேறு, சாணம் கிடைத்த இடம் வேறு. ஆயினும் காலம் ஏறக்குறைய ஒன்றே. எனவே பாரததேரியம் புல்லைத் தின்று வாழ்ந்திருக்கலாம் என்ற கருத்துக்கு நல்ல ஆதாரம் ஏற்பட்டது. நம் கையை அறுக்கும் அதே மணற்சத்துத்தான் அச்சிறு பிராணியின் பல்லையும் உயர்த்தியதோ என்னவோ!

கொள்ளிடத்துக்கு அக்கரையில்

இவையெல்லாம் எங்கோ தொலைவில் நடந்தவை என்று நினைக்கவேண்டாம். நமது திருக்காட்டுப்பள்ளியிலிருந்து வடக்கே காவிரியையும் கொள்ளிடத்தையும் கடந்தால் அரியலூர்ச் சீமை. அங்கே கல்லமேட்டில் அதே யுகத்து ஆற்று வண்டல் இருக்கிறது. மாட்லி என்ற ஆங்கிலேயர் அங்குள்ள டைனோஸர் எலும்புகளைப் பற்றி 1929-இல் எழுதினார். 2013-இல் கல்லமேட்டு மண்ணைச் சலித்தவர்கள், அதுவரை மடகாஸ்கரில் மட்டுமே அறியப்பட்டிருந்த ஸைமோஸூக்கஸ் என்ற முதலையினத்தின் பற்களை அறிவித்தனர். அதே வருஷம், வடகண்டங்களுக்கே உரியதென்று கருதப்பட்ட ட்ரூடான் குடும்பத்து டைனோஸரின் ஒற்றைப் பல்லும் அங்கிருந்து விவரிக்கப்பட்டது. மடகாஸ்கரிலிருந்து சுமார் 8 கோடியே 80 லக்ஷம் வருஷங்களுக்கு முன் பிரிந்து, வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்த நம் நிலம், பழைய சுற்றத்தாரின் அடையாளங்களை மறக்கவில்லை. பாரததேரியத்தின் பற்களும் மடகாஸ்கரின் லாவனிஃபை என்ற பிராணியின் பற்களையே மிகவும் ஒத்திருக்கின்றன.

கல்லமேட்டு மண் இன்னும் என்னென்ன வைத்திருக்கிறதோ! அரியலூர்ச் சீமை சுண்ணாம்புக் கல்லுக்குப் பேர்போனது. சிமெண்டு ஆலைகளுக்காகச் சுரங்கங்கள் ஆழமாகிக்கொண்டே போகின்றன. ஆலையும் வேண்டும், வீடும் வேண்டும், மறுப்பவர் இல்லை. ஆனால் அரைத்த கல்லை மீண்டும் ஒட்டவைக்க முடியாது. பெரிய எலும்பாவது கண்ணில் படும். நெல்மணியளவு பல் யாருக்குத் தெரியும்? வாரணவாசியில் இப்போது புதைபடிவங்களுக்கென்று அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. நம் பள்ளி மாணவர்களை அங்கே அழைத்துச் செல்வது பெற்றோர் கடமை, ஆசிரியர் கடமை. விசித்திரமான கல்லொன்று அகப்பட்டால், அதை எடுத்து வந்து அலமாரியில் வைத்துக்கொள்ளாமல், கிடைத்த இடத்தைக் குறித்து விஷயமறிந்தவர்களுக்குத் தெரிவிக்கும் பழக்கமும் வரவேண்டும். இடம் தெரியாத புதைபடிவம் முகவரியில்லாத கடிதத்தைப்போன்றது.

எட்டுப் பற்களைக் கொண்டு, அற்றுப்போன ஒரு வமிசத்தின் இடத்தை உலகின் குடும்ப மரத்தில் குறித்திருக்கிறார்கள். அதற்கு வேண்டியிருந்தவை சல்லடையும் பொறுமையும். நெல்லைத் தூற்றிப் பதர் நீக்கத் தெரிந்த நம் கைகளுக்கு அவ்வேலை அரியதன்று.