புரோ கபடியில் புதுமுகத் தேர்வு

புரோ கபடி லீக்கில் ஆடும் அணிகளுக்கு வீரர்கள் இரண்டு வழிகளில் வந்து சேர்கிறார்கள். ஒன்று, தொலைக்காட்சியில் எல்லோரும் பார்க்கும் ஏலம். மற்றொன்று, ஏலத்துக்கு முன்பே அதிக ஆரவாரம் இல்லாமல் நடந்து முடியும் ‘புதிய இளம் வீரர்’ ஒப்பந்தம். இதை வீரர்களும் பயிற்சியாளர்களும் என்.ஒய்.பி. என்று சுருக்கிச் சொல்கிறார்கள். லீக்கில் அதுவரை ஆடாத இளைஞரை ஏலத்தில் போட்டியிடாமல் அணியே நேரடியாக எடுத்துக்கொள்ள இது வழி செய்கிறது. ஏலத்தில் பணம் பேசும். இங்கே யார் எந்த ஊரில் எப்படி ஆடுகிறார் என்ற தகவல்தான் பேசும்.

2014இல் எட்டு அணிகளோடு தொடங்கிய லீக், 2017இல் ஐந்தாவது பருவத்தின்போது பன்னிரண்டு அணிகளாக விரிந்தது. தமிழ் தலைவாஸ் அந்த ஆண்டுதான் களம் கண்டது. களத்தில் ஒரே நேரத்தில் ஆடுவோர் ஏழு பேர் என்றாலும், ஓர் அணி 18 முதல் 25 வீரர்கள் வரை வைத்துக்கொள்ளலாம். மாதக்கணக்கில் நீளும் பருவத்தில் மூட்டு விலகலும் தசைப் பிடிப்பும் சகஜம் என்பதால் மாற்று வீரர்கள் இல்லாமல் எந்த அணியாலும் தாக்குப்பிடிக்க முடியாது.

ஏலத்தில் வீரர்கள் நான்கு பிரிவுகளாக நிறுத்தப்படுகிறார்கள். பத்தாவது பருவத்தில் அடிப்படை விலை ஏ பிரிவுக்கு 30 லட்சம், பி பிரிவுக்கு 20 லட்சம், சி பிரிவுக்கு 13 லட்சம், டி பிரிவுக்கு 9 லட்சம் ரூபாய். ஓர் அணி செலவிடக்கூடிய மொத்தத் தொகை 5 கோடி. 2014 ஏலத்தில் மிக அதிக விலை போன ராகேஷ் குமாருக்குக் கிடைத்தது 12.8 லட்சம். பத்தாவது பருவ ஏலத்தில் பவன் செராவத்தைத் தெலுங்கு டைட்டன்ஸ் 2.605 கோடிக்கு எடுத்தது. 2024இல் சச்சின் தன்வருக்குத் தமிழ் தலைவாஸ் 2.15 கோடி கொடுத்தது. எதிரணிப் பக்கம் பாடிப் போகும் ஒரே ரைடருக்குக் கையிருப்பில் பாதி வரை போய்விட்டால், மிச்சப் பணத்தில் இருபது பேரைத் தேற்ற வேண்டும். அந்த இடத்தில்தான் புதுமுகங்கள் தேவைப்படுகிறார்கள்.

செலவு குறைவு என்பது ஒரு காரணம் மட்டுமே. புதிய இளம் வீரரை அடுத்த பருவத்துக்கும் ஏலத்தில் விடாமல் தக்கவைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. எனவே ஓர் இளைஞரை எடுத்து, ஒரு பருவம் பெஞ்சில் உட்கார வைத்து, பயிற்சியில் மெருகேற்றி, அடுத்த பருவத்தில் இறக்க முடியும். தேர்வு சரியாக அமைந்தால் பலன் பெரிது. நவீன் குமார் 2018இல், 18 வயதில், இப்படித்தான் தபங் டெல்லிக்கு வந்தார். அடுத்த பருவத்திலேயே ரைடில் 300 புள்ளிகளைத் தாண்டினார். எட்டாவது பருவத்தில் டெல்லி கோப்பையை வென்றது. புனேரி பல்டன் எட்டாவது பருவத்தில் அஸ்லம் இனாம்தாரையும் மோகித் கோயத்தையும் புதுமுகங்களாக எடுத்தது. 2024 மார்ச் மாதம் பத்தாவது பருவக் கோப்பையை அந்த அணி கைப்பற்றியபோது அஸ்லம்தான் கேப்டன். தமிழ் தலைவாஸுக்கும் அப்படி ஒரு நல்ல அனுபவம் உண்டு. ஒன்பதாவது பருவத்தில் பெரும் விலை கொடுத்து எடுத்த பவன் செராவத் முதல் ஆட்டத்திலேயே காயம்பட்டு வெளியேறினார். அந்தச் சுமையைத் தாங்கியவர் புதுமுகமாக வந்த நரேந்தர். அவர் எடுத்த 243 ரைடு புள்ளிகளின் துணையோடு அணி முதன்முறையாக அரையிறுதியை எட்டியது.

இத்தகைய இளைஞர்கள் முதலில் தென்படும் இடம் ஊர்க் கபடி. ராமநாதபுரம் மாவட்டத்தில் அபிராமம், கமுதி, பார்த்திபனூர் வட்டாரக் கிராமங்களைப் போலத் தமிழகத்தின் வானம் பார்த்த ஊர்களில், அறுவடை முடிந்த பிறகு கோயில் திருவிழாவையும் பொங்கலையும் ஒட்டிப் போட்டிகள் நடக்கும். சுவரொட்டியில் ஊர்ப் பெயர், நுழைவுக் கட்டணம், முதல் பரிசுத் தொகை, சுழற்கோப்பை வழங்குபவர் பெயர் ஆகியவற்றோடு எடை வரம்பும் இருக்கும்: 55 கிலோ, 65 கிலோ அல்லது எடை வரம்பில்லாத பொதுப் பிரிவு. கூட்டம் வெயில் தாழ்ந்த பிறகு சேரும். தண்ணீர் தெளித்து இறுக்கிய மண்ணில் சுண்ணாம்புக் கோடு போட்டு, விளக்கு வெளிச்சத்தில் விடிய விடிய ஆட்டம் ஓடும். வர்ணனையாளர் ஒலிபெருக்கியில் ஒவ்வொரு பாட்டையும் பிடியையும் பெயர் சொல்லி அறிவிப்பார். பயிற்சியாளர்களுக்குத் தகவல் சொல்லும் பழைய வீரர்கள் பலருக்கும் இந்தக் கூட்டங்களில்தான் பழக்கம்.

ஊர்க் கபடியில் ஆடுபவரை நேரே லீக்குக்குக் கொண்டுபோவது அரிது. இடையில் சில படிகள் உண்டு. பள்ளி அணி, மாவட்ட அணி, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதி, கல்லூரி, பல்கலைக்கழக அணி, பிறகு ரயில்வே, காவல் துறை, வங்கி, மின்வாரியம் போன்ற நிறுவன அணிகள். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்த மணத்தி கணேசன் ஆலை அணியிலும் மின்வாரிய அணியிலும் ஆடியவர். விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் அரசு வேலைதான் அந்தத் தலைமுறையின் இலக்கு. லீக் வந்த பிறகு இந்தப் படிகளோடு புதியவை சேர்ந்தன. ‘ஃப்யூச்சர் கபடி ஹீரோஸ்’ என்ற பெயரில் நாடு முழுவதும் திறன் தேடல் நடந்தது. ஒன்பதாவது பருவ ஏலத்தில் கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டியின் இறுதிக்கு வந்த இரு அணிகளின் வீரர்களும் சேர்க்கப்பட்டார்கள். 2022இல் தொடங்கிய யுவா கபடி தொடர் 23 வயதுக்குட்பட்டவர்களுக்கானது. அதில் பழனி டஸ்கர்ஸ், சோழ வீரன்ஸ் எனத் தமிழகப் பெயர் தாங்கிய அணிகளும் ஆடுகின்றன. இத்தொடரின் ஆட்டங்கள் முழுக்கப் பதிவாவதால், தேர்வாளர் நேரில் போகாமலே ஒரு வீரரின் பத்து ஆட்டங்களைப் பார்த்துவிட முடிகிறது.

தேர்வாளர் முதலில் பார்ப்பது அணியில் எந்த இடம் காலி என்பதை. கபடி அணியில் ஏழு பேருக்கும் இடம் உண்டு: இரு ஓரங்களிலும் கார்னர், அவர்களுக்கு அடுத்து இன், பிறகு கவர், நடுவே சென்டர். வலது கார்னர் கிடைக்காமல் திண்டாடும் அணிக்கு எவ்வளவு நல்ல ரைடரைக் காட்டினாலும் பயனில்லை. ஆனாலும் ரைடர்கள்தான் அதிகம் கண்ணில் படுகிறார்கள். புள்ளி எடுப்பவருக்கே கைதட்டல் என்பதால் ஊர் இளைஞர்களில் பெரும்பாலோர் பாடிப் போகவே விரும்புகிறார்கள். ரைடரைப் பிடிக்கும் நல்ல கேட்ச்சர் கிடைப்பது கடினம்.

ரைடரிடம் பார்க்கப்படுவது வேகம் மட்டும் இல்லை. நடுக்கோட்டைத் தாண்டி எதிரணிப் பக்கம் போனவர், 3.75 மீட்டரில் உள்ள பால்க் கோட்டைக் கடந்தாக வேண்டும். அதற்கு அப்பால் ஒரு மீட்டரில் போனஸ் கோடு. எதிரே ஆறு பேரோ அதற்கு மேலோ இருக்கும்போது, ஒரு கால் அந்தக் கோட்டைத் தாண்டித் தரையில் பதிய, மற்றக் கால் காற்றில் இருந்தால் போனஸ் புள்ளி கிடைக்கும். அந்த ஒரு கணத்தில்தான் கார்னர் கணுக்காலைக் குறிவைப்பார். உடல் எடையை முன்னங்காலில் முழுதாகப் போட்டுவிட்ட ரைடரால் பின்வாங்க முடியாது. இடுப்பைப் பின்னால் வைத்துக்கொண்டு காலை மட்டும் நீட்டத் தெரிந்தவர் தப்பித்துத் திரும்புவார். தேர்வாளரின் கண் அந்த இடுப்பின் மேல் இருக்கும். கேட்ச்சரிடம் பொறுமை பார்க்கப்படுகிறது. அவசரப்பட்டுப் பாய்ந்து ஒரு புள்ளியைக் கொடுப்பவரைவிட, ரைடர் திரும்பும் வரை காத்திருந்து, பிடித்த பிடியை விடாமல், மற்றவர்கள் வந்து சேரும் வரை நிறுத்தி வைப்பவர் மேல். மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பிடித்தால் சூப்பர் டேக்கிள், இரண்டு புள்ளி. அந்த நெருக்கடியில் கை நடுங்காதவர் பெயர் தேர்வாளர் குறிப்பேட்டில் ஏறும்.

மண்ணில் நன்றாக ஆடுபவர் எல்லோரும் மேட் தரையில் அப்படியே ஆடிவிடுவதில்லை. மண்ணில் வெறுங்கால் சற்று வழுக்கும். வீரர் அந்த வழுக்கலைக் கணக்கில் வைத்தே திரும்பப் பழகியிருப்பார். மேட் தரையில் ஷூ இறுகப் பிடிக்கும். உடம்பு திரும்பும்போது பாதம் திரும்பாமல் நின்றுவிட்டால் முழங்கால் மூட்டு வாங்கிவிடும். மூச்சு அடக்கிப் பாடும் ஊர் ஆட்டத்தில் பாட்டின் நீளத்தை நுரையீரல் தீர்மானிக்கிறது. லீக்கில் கடிகாரம் 30 விநாடி என்று தீர்மானிக்கிறது. இரண்டு முறை புள்ளியின்றித் திரும்பினால் மூன்றாவது ரைடு ‘டூ ஆர் டை’: புள்ளி எடுக்காவிட்டால் ரைடர் அவுட். எனவே முதல் பருவத்தில் ஒரு புதுமுகத்துக்குக் கற்றுத்தருவதில் பாதி, பழகியதை மாற்றிக்கொள்வதுதான்.

அணிகள் பருவம் தொடங்குவதற்கு முன் தேர்வு முகாம் நடத்துகின்றன. பிறப்புச் சான்றிதழ், ஆதார், கல்விச் சான்று ஆகியவை முதலில் சரிபார்க்கப்படும். வயதைக் குறைத்துக் காட்டும் பழக்கம் கபடியில் பழைய நோய். ஆண்களுக்கான 85 கிலோ எடை வரம்பைக் கடக்கிறாரா என்று பார்க்கப்படும். குறுகிய தூர ஓட்டம், தாவுதல், பிடியின் வலு என்று உடற்தகுதிச் சோதனைகள் நடக்கும். மூட்டும் தோளும் பழைய காயம் உள்ளவையா என்பதை மருத்துவர் பார்ப்பார். அதன் பிறகே ஆட்டம். பழைய வீரர்களோடு கலந்து அணி பிரித்து ஆடவிடும்போது, தெரியாத கார்னரோடும் தெரியாத கவரோடும் கைகோத்துச் சங்கிலி கட்டத் தெரிகிறதா என்பது வெளிப்பட்டுவிடும். சொன்ன திருத்தத்தை மறுநாள் ஆட்டத்தில் செய்து காட்டுகிறாரா என்பதும் கவனிக்கப்படும்.

பிற நாட்டு விளையாட்டு லீக்குகளிலும் இதே கணக்கு வேறு வடிவில் ஓடுகிறது. ஆஸ்திரேலியக் கால்பந்து லீக்கில் 1986 முதல் புதிய வீரர்கள் டிராஃப்ட் முறையில் பிரித்துக்கொடுக்கப்படுகிறார்கள். முந்தைய பருவத்தில் கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. அதில் தேறாதவர்களுக்கு 1997 முதல் ரூக்கி பட்டியல் உண்டு. பின்னாளில் அந்த விளையாட்டின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்ற டீன் காக்ஸ் அந்தப் பட்டியலில் தொடங்கியவர். வேறு விளையாட்டிலிருந்து வருவோருக்கும் அங்கே தனி இடம் இருக்கிறது. கேலிக் கால்பந்து ஆடிய அயர்லாந்துக்காரர் ஜிம் ஸ்டைன்ஸை மெல்போர்ன் கிளப் 1984இல் அழைத்து வந்தது. 1991இல் லீக்கின் சிறந்த வீரருக்கான பதக்கத்தை அவர் வென்றார். புரோ கபடியில் பலவீனமான அணிக்கு முன்னுரிமை தரும் இத்தகைய டிராஃப்ட் இல்லை. யார் முதலில் தேடிக் கண்டுபிடிக்கிறாரோ அவருக்கே வீரர்.

இந்தத் தேடலில் ஹரியானா முன்னே நிற்கிறது. ஊர்தோறும் பயிற்சிக்கூடம், மேட் தரை, ஆண்டு முழுதும் நடக்கும் போட்டிகள் ஆகியவை அதற்குக் காரணம். தமிழகத்துக்கும் மரபு குறைவில்லை. 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி முதன்முதலாக இடம்பெற்றபோது தங்கம் வென்ற அணியில் காசிநாதன் பாஸ்கரன் இருந்தார். பின்னர் அவர் பயிற்சியாளராக ஜெய்ப்பூருக்கு லீக்கின் முதல் கோப்பையைப் பெற்றுத் தந்து, தமிழ் தலைவாஸையும் வழிநடத்தினார். தஞ்சை மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன் நான்காவது பருவத்தில் பாட்னாவின் கேப்டனாகக் கோப்பையை ஏந்தினார். 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் வடுவூர் அபினேஷ் மோகன்தாஸும் சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவும் தங்கம் வென்றார்கள். அபினேஷ் வயதுப் பையன்களுக்கு அடுத்த படியாகப் புரோ கபடி ஒப்பந்தம் இருக்கிறது. கார்த்திகா போன்ற பெண்களுக்கு அத்தகைய வழி இன்னும் திறக்கவில்லை. 2016இல் மூன்று அணிகளோடு நடந்த மகளிர் கபடி சேலஞ்ச் ஒரு பருவத்தோடு நின்றுபோனது.

ஒப்பந்தம் முடிந்த புதுமுகத்துக்கு மூன்று நிலைகள் வாய்க்கலாம். அணி அவரைத் தக்கவைத்துக்கொள்ளலாம். விடுவித்தால் அவர் ஏலத்துக்கு வந்து, திறமை வெளிப்பட்டிருந்தால் பல மடங்கு விலை போகலாம். யாரும் எடுக்காவிட்டால் நிறுவன அணிக்கோ மாநில அணிக்கோ திரும்ப வேண்டும். காயமும் கைவிடலும் எப்போது வேண்டுமானாலும் நேரும் என்பதால், விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் வேலையை லீக் ஒப்பந்தத்துக்காகக் கைவிட வேண்டாம் என்பதே அனுபவப்பட்ட பயிற்சியாளர்கள் இளைஞர்களுக்குச் சொல்வது.