ஆயிரம் ரூபாய் அபராதத்தின் விலை

திருவதிகையிலோ பண்ருட்டிக் கடைத்தெருவிலோ வரப்புத் தகராறு முற்றிக் கைகலப்பாகிவிட்டால், முதல் தகவல் அறிக்கையில் விழும் பிரிவுகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. முன்பு பழைய தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323, 506(2). புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்த 2024 ஜூலை 1-க்குப் பிறகு 296(பி), 115(2), 351(3). பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டினார், அடித்தார், கொன்றுவிடுவேன் என்று மிரட்டினார் என்பதே இரண்டிலும் சாரம். ஐந்தாறு வாய்தா அலைந்து கூலி கெட்ட பிறகு யாராவது ஒருவர் காதோடு சொல்வார்: "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடு தம்பி, இன்னையோட தொல்லை விட்டுது." இருபது வயதுப் பையனுக்குச் சொல்லப்படும் யோசனைகளில் இதைவிட விலை கூடியது குறைவு என்பேன்.

காரணம் எளிது. அபராதமும் தண்டனைதான். அதற்கு முன்னால் 'குற்றவாளி' என்ற தீர்ப்பு எழுதப்பட்டாக வேண்டும். மாஜிஸ்திரேட் முன் தானே ஒத்துக்கொண்டவர் பிறகு மேல்முறையீட்டுக்குப் போனால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 416-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். தண்டனையின் அளவையும் அது சட்டப்படி செல்லுமா என்பதையும் மட்டுமே கேட்கலாம், குற்றமே செய்யவில்லை என்று வாதாட வழியில்லை. அடுத்த வழக்கு என்று ஒன்று வந்தால் கணக்கு இன்னும் மாறுகிறது. விசாரணைக் கைதியாக உள்ளே இருப்பவர் உச்சபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டால் பிணையில் விட வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 479-ஆம் பிரிவு. ஆனால் இச்சலுகை முன்பு எந்தக் குற்றத்துக்காகவும் தண்டிக்கப்படாதவருக்குத்தான். மற்றவர்கள் பாதிக்காலம் இருக்க வேண்டும். 'எந்தக் குற்றத்துக்காகவும்' என்ற சொல்லுக்குள் அந்தப் பழைய அடிதடி அபராதமும் அடக்கம். கேப்பர் மலைச் சிறையில் கூடுதலாகக் கழியும் மாதங்களுக்கு விதை, என்றோ கட்டிய ஆயிரம் ரூபாயாக இருக்கலாம். திருட்டில் ஏறுமுகம் இன்னும் வெளிப்படை. ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவான பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் முதல்முறை சமுதாய சேவையோடு போகும். அதே பிரிவில் மறுபடி தண்டனை பெற்றால் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் ஐந்தாண்டு கடுங்காவல்.

தண்டனை தீர்ந்தாலும் பதிவு தீராது. 2022-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டப்படி எடுக்கப்படும் கைரேகை முதலான அளவீடுகள் 75 ஆண்டு பாதுகாக்கப்படும். முன்தண்டனை இல்லாதவர் முழுமையாக விடுதலையானால் பொதுவாக அழிக்க வேண்டும். காவலர் வேலைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. சந்தேகத்தின் பலனாலோ, புகார்தாரர் பிறழ்சாட்சி ஆனதாலோ விடுதலையானவரையும் தமிழ்நாட்டுப் பணி விதி 'குற்ற வழக்கில் தொடர்புடையவர்' என்றே பார்க்கிறது. இந்த விதியை 2008-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு ஏற்றுக்கொண்டது. ஆகவே சமாதானமாகிப் புகார்தாரர் மாறிச் சொல்லிவிட்டார் என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. வழக்கு நிலுவையில் இருக்கும்போதே பாஸ்போர்ட்டும் சிக்கலாகும். நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டிவரும்.

இதற்கு மாற்று உண்டு, கேட்பவர்கள்தான் குறைவு. 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தில் 3-ஆம் பிரிவு, முன்தண்டனை இல்லாதவரை இரண்டாண்டுக்கு மேற்படாத தண்டனைக்குரிய குற்றங்களில் வெறுமனே கண்டித்து விடுவிக்க இடம் தருகிறது. திட்டியது, அடித்தது இரண்டும் இதற்குள் அடங்கும். மிரட்டல் பிரிவுக்கு ஏழாண்டு வரை உண்டு. அதற்கு 4-ஆம் பிரிவின்கீழ் நன்னடத்தைப் பிணை கேட்கலாம். 21 வயதுக்குக் குறைந்தவரைச் சிறைக்கு அனுப்புவதென்றால் 6-ஆம் பிரிவுப்படி நீதிமன்றம் காரணம் எழுத வேண்டும். முக்கியமானது 12-ஆம் பிரிவு: இப்படி விடப்பட்டவருக்குத் தண்டனைத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு எதுவும் ஒட்டாது. குற்றமே நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. அந்த நடத்தைக்காக அரசு ஊழியர்மீது துறை நடவடிக்கை எடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் பக்ஷி ராம் வழக்கில் தெளிவுபடுத்திவிட்டது. இருந்தும் அபராத ரசீதுக்கும் இந்த உத்தரவுக்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. காயம் ஏற்படுத்திய குற்றத்தைப் புகார்தாரரோடு சமரசமாக்கலாம், அதற்கு விடுதலைக்குரிய பலன் உண்டு. ஆபாசமாகத் திட்டிய பிரிவுக்கு அது செல்லாது. வழக்கை ரத்து செய்ய உயர் நீதிமன்றம்தான் போக வேண்டும்.

வேலை கொடுப்பவர், அண்டை அயலார், அடிபட்டவர் ஆகியோருக்குத் தெரிய உரிமையில்லையா என்று கேட்கலாம். உண்டு. குற்றப் பதிவே கூடாதென்பது என் வாதமல்ல. சிறு தெருச்சண்டையும் கொலை முயற்சியும் ஒரே மையில் எழுதப்படக் கூடாது என்பதுதான். உச்ச நீதிமன்றமும் 2016-இல் அவ்தார் சிங் வழக்கில், அற்பமான வழக்கை மறைத்தவரிடம் வேலை கொடுப்பவர் இரக்கம் காட்டலாம், காட்ட மறுக்கவும் செய்யலாம் என்றது. எனவே விண்ணப்பத்தில் கேள்வி இருந்தால் மறைக்காமல் எழுதுவதே மேல். பழைய வழக்கைவிட மறைத்தது பெரிய குற்றமாகிவிடும். நன்னடத்தை விடுதலை தயவுதாட்சணியமாகிவிடும் என்ற பயமும் உண்டு. கண்டித்து விடுவிக்கும் 3-ஆம் பிரிவு முன்தண்டனை இல்லாதவருக்கே என்று சட்டமே வரம்பு கட்டியிருக்கிறது. தருமசேனராகப் போனவரைத் திருநாவுக்கரசராக ஏற்றுக்கொண்ட ஊர் என்று பெரியபுராணம் சொல்லும் திருவதிகையில் இந்த வாதம் அவ்வளவு அந்நியமாகவும் இராது.

சிறுவர்களுக்கு மட்டும் சட்டம் தாராளமாக இருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு தகுதியிழப்பை நீக்கிப் பதிவை அழிக்கச் சொல்கிறது. கொடுங்குற்றத்தில் பெரியவராக விசாரிக்கப்பட்ட பதினாறு வயது தாண்டியவர்கள் விதிவிலக்கு. வயதுவந்தவர் தன் தண்டனைப் பதிவைத் துடைத்தெறியப் பொதுவான சட்டம் இங்கே இல்லை. விடுதலையானவரே திண்டாடுகிறார்: இணையத் தீர்ப்பிலிருந்து தன் பெயரை நீக்கக் கேட்ட ஒருவருக்கு 2024 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆதரவாகத் தீர்ப்பளித்தது, ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. பதிவானபின் போராடுவது இத்தனை கடினம் என்பதால்தான் ஒத்துக்கொள்வதற்கு முந்தைய நாள் முக்கியமாகிறது. அன்று 15100 என்ற எண்ணை அழைத்தாலோ கடலூர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தாலோ, பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் காவலில் இருப்பவருக்கும் வருமானம் குறைந்தவருக்கும் வழக்கறிஞர் இலவசம்.