14ஆம் நாள் எல்லோருக்கும் பொதுவல்ல

குழந்தைக்கு முயற்சி செய்யும் பெண்களைக் கேட்டால் பெரும்பாலோர் ஒரே கணக்கைத்தான் சொல்வார்கள்: மாதவிடாய் வந்த 14ஆம் நாள். 28 நாளுக்கு ஒருமுறை தவறாமல் வருகிறவர்களுக்கு அது ஏறக்குறையப் பொருந்தும். மற்றவர்கள் அதை நம்பினால் நல்ல நாட்கள் கைவிட்டுப் போய்விடும்.

பின்னாலிருந்து எண்ணுங்கள்

கருமுட்டை வெளியேறியதிலிருந்து அடுத்த மாதவிடாய் வரையிலான இடைவெளி பெரும்பாலும் 12 முதல் 14 நாள். கூடிக் குறைவதெல்லாம் அதற்கு முந்தைய பகுதிதான். எனவே 35 நாளுக்கு ஒருமுறை வருகிறவருக்கு 21ஆம் நாளையொட்டி முட்டை வெளியேறும். 24 நாளுக்கே வந்துவிடுகிறவருக்கு 10ஆம் நாள்.

முதல் நாள் எது என்பதிலும் குழப்பம் உண்டு. நம் வீடுகளில் தலைக்குக் குளித்த நாளைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள். அது மூன்றாம் நாளாகவோ ஐந்தாம் நாளாகவோ இருக்கும். ரத்தப்போக்கு நன்றாகத் தொடங்கிய நாளே ஒன்றாம் நாள். பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே அதை வட்டமிட்டு வைக்கலாம். செல்போன் செயலிகளும் பழைய தேதிகளை வைத்துத்தான் ஊகிக்கின்றன. சுழற்சி ஒழுங்கில்லாதவருக்கு அந்த ஊகம் பயன்படாது.

வெளியேறிய முட்டை 24 மணி நேரத்துக்கு மேல் தாங்காது. விந்தணுவோ பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். ஆக, கரு உண்டாக வாய்ப்புள்ளவை முட்டை வெளியேறும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும். அமெரிக்காவின் வட கரோலினாவில் 221 பெண்களிடம் நடந்து, 1995இல் வெளியான ஆய்வும் இதையே காட்டியது. அந்த நாட்களில் ஒன்றுவிட்டு ஒரு நாள் சேர்ந்தாலே போதும். 'இன்றைக்குத்தான், இன்றைக்கே' என்று கணவரை நெருக்கினால் இருவருக்கும் அலுப்புதான் மிஞ்சும்.

உடம்பு காட்டும் அடையாளம்

செலவில்லாத வழி, வெள்ளைப்படுதலைக் கவனிப்பது. முட்டை வெளியேறும் நாள் நெருங்க நெருங்க அது பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போல வழுவழுப்பாகி, இரு விரல்களுக்கு இடையே அறுபடாமல் நீளும். நாற்றமோ அரிப்போ இருந்தால் அது தொற்றாக இருக்கலாம். டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மருந்துக்கடையில் கிடைக்கும் ஓவுலேஷன் கிட், சிறுநீரில் எல்.எச். ஹார்மோன் திடீரென ஏறுவதைக் காட்டும். அதன்பின் 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வெளியேறும். கர்ப்பம் பார்க்கும் கிட்டில் மங்கலான இரண்டாவது கோட்டுக்கும் அர்த்தம் உண்டு. இதில் அப்படியில்லை. சோதனைக் கோடு, பக்கத்துக் கோட்டுக்குச் சமமாகவோ அதைவிட அழுத்தமாகவோ விழுந்தால்தான் கணக்கு. சினைப்பை நீர்க்கட்டி (பி.சி.ஓ.எஸ்.) உள்ள சிலருக்கு எல்.எச். எப்போதுமே உயர்ந்திருப்பதால் கிட் ஏமாற்றக்கூடும். அவர்களுக்கு ஸ்கேனில் முட்டையின் வளர்ச்சியைப் பார்ப்பதே நம்பகமானது.

காலையில் படுக்கையை விட்டு எழும் முன் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கும் முறையும் இருக்கிறது. ஆனால் வெப்பம் கூடுவது முட்டை வெளியேறிய பிறகுதான். அந்த மாதத்துக்கு அதனால் பெரிய பலனில்லை.

நடமாட்டத்தை நிறுத்தாதீர்கள்

முயற்சி தொடங்கியதுமே 'மாடிப்படி ஏறாதே, வண்டி ஓட்டாதே' என்று வீட்டில் பெரியவர்கள் ஆரம்பித்துவிடுவார்கள். அக்கறைதான், ஆனால் தேவையில்லை. கரு, கர்ப்பப்பையின் உள்சுவருக்குள் புதைந்து வளர்வது. நடந்தால், குனிந்தால் நழுவி விழாது. சோதனைக்குழாய் முறையில் கருவை வைத்த பிறகுகூடப் படுத்தே கிடப்பதால் வெற்றி கூடுவதில்லை.

வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேர வேகநடை போதும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். உடல் எடை கூடி, நீர்க்கட்டியும் இருக்கிறவர்களுக்கு இதன் பலன் அதிகம். தசை வேலை செய்யச் செய்ய இன்சுலின் அளவு இறங்கும். சினைப்பை ஒழுங்குக்கு வர அது உதவும். 80 கிலோ உள்ளவர் 4 முதல் 8 கிலோ குறைத்தாலே பலருக்கு மாதவிடாய் சீராகத் தொடங்கிவிடும்.

மறுபக்கமும் உண்டு. ஒல்லியான பெண் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு தினமும் ஜிம்மில் உடம்பை வருத்தினால் முட்டை வெளியேறுவதே நின்றுபோகலாம். முட்டை வளர ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் ஓட்டம், குதிப்பு இரண்டையும் தவிர்க்க வேண்டும். வீங்கிய சினைப்பை முறுக்கிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது.

எப்போது டாக்டரிடம்?

35 வயதுக்குள் என்றால் ஓராண்டு, அதற்கு மேல் என்றால் ஆறு மாதம் முயன்று பார்க்கலாம். மாதவிடாய் 21 நாளுக்குள்ளேயோ 35 நாளைத் தாண்டியோ வருகிறவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். முயற்சி தொடங்கும்போதே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரையை டாக்டரிடம் கேட்டுத் தொடங்கிவிடுங்கள்.

மருமகளை மட்டும் மருத்துவமனை மருத்துவமனையாக அழைத்துக்கொண்டு அலைவது இன்றும் நடக்கிறது. கணவரின் விந்துப் பரிசோதனை எளிது, செலவும் குறைவு. முதலிலேயே செய்துவிடலாம். 2 முதல் 7 நாள் உறவைத் தவிர்த்துவிட்டு மாதிரி கொடுக்க வேண்டும். விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதத்துக்குக் குறையாது. இன்று சிகரெட்டை விட்டால், மூன்று மாதம் கழித்து எடுக்கும் பரிசோதனையில்தான் பலன் தெரியும்.