அடிபட்டது முகவாயில், முறிந்தது காதருகே

மிதிவண்டியிலிருந்து விழும் குழந்தையின் முகவாய் தரையில் மோதுகிறது. கிழிந்த தோலுக்கு இரண்டு தையல் போட்டதும் பெற்றோர் நிம்மதியாக வீடு திரும்புகின்றனர். ஆனால் அடிபட்ட இடம் ஒன்றும் முறிந்த இடம் மற்றொன்றுமாக இருக்கக்கூடும்.

கீழ்த்தாடை எலும்பு குதிரை லாடம் போன்றது. பிறக்கும்போது இரு பாதிகளாக இருக்கும் அது, முதல் ஆண்டில் முகவாயில் ஒன்றாக இணைகிறது. அதன் இரு முனைகளும் மேலெழுந்து, காதுகளுக்குச் சற்று முன்னால், மண்டையோட்டின் குழிகளில் பொருந்துகின்றன. அவையே தாடை மூட்டுகள். காதுத் துளைக்கு முன்னால் விரல் வைத்து வாயைத் திறந்து மூடினால், குமிழ் போன்ற எலும்புத் தலை அசைவதை உணரலாம். கதவின் கீல் சுழல மட்டுமே செய்யும். இம்மூட்டோ முதலில் சுழன்று, வாய் அகலத் திறக்கையில் முன்னோக்கி வழுக்கியும் செல்கிறது.

குமிழுக்குக் கீழே எலும்பின் கழுத்து மெலிந்திருக்கும். முகவாயில் விழும் விசை எலும்பின் வழியே மேலேறி அங்கே முறிவை உண்டாக்குகிறது. பெரியவர்களுக்கு இது ஒருவகையில் காப்பு. விசை மண்டையோட்டுக்குள் செல்லாமல் அங்கேயே தணிகிறது. சிறு குழந்தைகளுக்கோ கழுத்து குட்டையாகவும் தடிப்பாகவும், குமிழ் இரத்தக் குழாய்கள் நிறைந்ததாகவும் இருக்கும். ஆகவே குமிழ் நசுங்கி, மூட்டுக்குள் இரத்தம் கசியலாம். நாளடைவில் அங்கே எலும்பு வளர்ந்து தாடை மண்டையோட்டுடன் ஒட்டிக்கொண்டால், வாய் திறவாது. தாடையின் வளர்ச்சியும் குன்றி, முகம் கோணும். அதற்குள் அந்த வீழ்ச்சி எவர் நினைவிலும் இராது.

காதருகே வலி, காதில் இரத்தக் கசிவு, பற்கள் முன்போல் பொருந்தாமை, வாய் திறக்கும்போது தாடை ஒருபுறம் இழுத்தல், குழந்தையின் மூன்று விரல்களை அதன் வாயில் நெட்டாக வைக்க இயலாமை: இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் ஊடுகதிர்ப் படம் தேவை. பூரணாங்குப்பம், தவளக்குப்பம் பகுதியினர் கோரிமேட்டிலுள்ள மகாத்மா காந்தி பல் மருத்துவ நிறுவனத்தை அணுகலாம்.

இக்குழந்தைகளில் பெரும்பாலோர்க்கு அறுவை தேவைப்படுவதில்லை. மருத்துவர் கூறிய நாளிலிருந்து வாயைத் திறந்து மூடும் பயிற்சியே முதன்மையான சிகிச்சை. வலிக்கிறதே என்று இரங்கி, கஞ்சி மட்டும் புகட்டி, தாடையை அசையாமல் வைத்திருப்பதே மூட்டு ஒட்டிக்கொள்ள வழிசெய்கிறது. தாடை வளர்ந்து முடியும் வரை ஆண்டுதோறும் பரிசோதனை வேண்டும். விழுந்த நாளில் கொடுத்த மருத்துவச் சீட்டையும் படத்தையும் அதுவரை பாதுகாத்து வையுங்கள்.