மடங்கினால்தான் விரல்

2021 ஜனவரி, சிட்னி டெஸ்ட். மிட்செல் ஸ்டார்க் வீசிய பந்து ரவீந்திர ஜடேஜாவின் இடது கட்டைவிரலைப் பதம் பார்த்தது. மூட்டு விலகி, எலும்பும் முறிந்திருந்தது. தேவைப்பட்டால் இறங்கலாம் என்று கடைசி நாளில் காலில் பேடு கட்டிக் காத்திருந்தார். விஹாரியும் நம்மூர் அஸ்வினும் அசையாமல் நின்று ஆட்டத்தை டிரா செய்ததால் அவருக்கு வேலை வரவில்லை. பிறகு அறுவை சிகிச்சை. அதே ஆண்டு ஏப்ரல் 25, மும்பையில் ஐபிஎல் ஆட்டம்: ஹர்ஷல் படேலின் ஒரே ஓவரில் ஜடேஜாவின் மட்டையிலிருந்து 36 ரன்!

விரல் முறிந்த எல்லோருக்கும் கத்தி தேவையில்லை. முறிந்த எலும்பு இடம் மாறாமல் இருந்தால், பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டினாலே சில வாரங்களில் கூடிவிடும். எலும்பு திருகிக்கொண்டால்தான் சிக்கல். எக்ஸ்ரேயில்கூட இது சில சமயம் பிடிபடாது. அதனால்தான் மருத்துவர் கையை மடக்கச் சொல்லிப் பார்க்கிறார். மற்ற விரல்களெல்லாம் ஒழுங்காக உள்ளங்கைக்குள் இறங்க, ஒன்று மட்டும் பக்கத்து விரல்மேல் ஏறிப் படுத்தால், பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான். முறிவு மூட்டுக்குள் புகுந்து எலும்பு விலகினாலும் அப்படித்தான்.

ஜெர்மன் மருத்துவர் மார்ட்டின் கிர்ஷ்னர் 1909-ல் அறிமுகப்படுத்திய மெல்லிய கம்பி, முறிந்த எலும்பைப் பிடித்துவைக்க இன்றும் கைகொடுக்கிறது. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமன். எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி தோல் வழியாகவே எலும்புக்குள் துளைத்துச் செலுத்துகிறார்கள். பல சமயம் கம்பியின் நுனி தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மூன்று, நான்கு வாரம் கழித்து உருவிவிடலாம்.

பிளேட்டும் திருகாணியும் வைத்தால் இன்னும் உறுதியாக நிற்குமே என்று தோன்றும். நிற்கும்தான். ஆனால் விரலில் சதைப்பற்று குறைவு. எலும்பை ஒட்டியே தசைநாண் ஓடுகிறது. அது பிளேட்டில் உரசி ஒட்டிக்கொண்டால் எலும்பு கூடியும் விரல் மடங்காது.

விரல் சரியாக மடங்குகிறதா என்று அப்போதே பார்க்க, இப்போது சில மருத்துவர்கள் விரலை மட்டும் மரத்துப்போகச் செய்து, நோயாளி விழித்திருக்கும்போதே அறுவை செய்கிறார்கள். நடுவில் “விரலை மடக்குங்க” என்பார்கள். திருகல் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். மருந்தோடு அட்ரினலின் சேர்ப்பதால் ரத்தக்கசிவும் குறைவு. அட்ரினலின் போட்டால் விரலே அழுகிவிடும் என்று மருத்துவ மாணவர்கள் காலங்காலமாகப் படித்துவந்தார்கள். கனடாவின் டொனால்ட் லாலொண்டும் சகாக்களும் 3,110 பேரைக் கவனித்து 2005-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு விரல்கூடப் போகவில்லை.

கம்பி போட்டதோடு வேலை முடிந்தது என்று கையைக் கழுத்துத் தூளியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் விரல் விறைத்துவிடும். மருத்துவர் சொன்ன நாளில் பயிற்சியைத் தொடங்கிவிடுங்கள். அதற்கும் முன்னால் ஒன்று: அடிபட்ட உடனே மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். விரல் வீங்கிவிட்டால் மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.