வெடித்த மின்வடமும் வீட்டுப் பாதுகாப்பும்



மின்னழுத்தியின் வடம் செருகியின் அருகே வெடித்து, உள்ளிருக்கும் கம்பி வெளியே தெரிகின்றது. உடனே நம்மவர் தேடுவது கறுப்பு நாடாவையே. நான்கு சுற்றுச் சுற்றிவிட்டால் காரியம் முடிந்தது என்பது பலரின் எண்ணம். அவ்வெண்ணம் ஏன் ஆபத்தானது என்பதையும், செய்யத்தக்கது யாது என்பதையும் இன்று நோக்குவோம்.

வடத்தினுள் இருக்கும் ஒவ்வொரு கம்பியும் மெல்லிய செம்பிழைகள் பல சேர்ந்ததாகும். மீண்டும் மீண்டும் மடிவதால் அவ்விழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. 1000 உவாற்று அழுத்தி ஒன்று, நமது 230 உவோற்று மின்வழங்கலில், நான்கு அம்பியருக்குச் சற்று மேலான மின்னோட்டத்தைப் பெறும். பல இழைகள் பகிர்ந்து தாங்கிய அவ்வோட்டத்தை எஞ்சிய சில இழைகளே தாங்க நேரும்போது அவ்விடம் சூடேறுகின்றது. மின்னோட்டம் மிகாதபடியால் உருகி உருகாது. மின்கசிவை மட்டும் உணரும் ட்றிப் சுவிச்சும் இச்சூட்டை அறியாது. நாடாவோ காயத்தை மறைக்குமேயன்றி, அறுந்த இழையைப் பொருத்தாது. வெப்பத்தால் அதன் பசையும் இளகிவிடும். பின்னர் ஈரக்கை படுவதும், அருகிலுள்ள துணி தீப்பற்றுவதும் அரிய நிகழ்ச்சிகள் அல்ல.

ஆகவே முதலில் ஆளியை நிறுத்தி, செருகியைக் குதையிலிருந்து முற்றாகக் கழற்றுங்கள். காயம் வடத்தின் நடுவில் இருந்தால் ஒட்டுப்போடாது முழு வடத்தையும் மாற்றுவித்தல் வேண்டும். அழுத்தியின் பக்கத்தில் இருந்தால் மின்வினைஞரிடம் கொடுப்பதே தகும். செருகியின் அருகே மாத்திரம் இருந்தால், பழுதான பகுதிக்கு அப்பால் வடத்தை வெட்டி, புதிய செருகி பூட்டலாம். வெட்டிய பழைய செருகியைச் சிறுவர் கைக்கெட்டாதவாறு அப்புறப்படுத்துங்கள்.

சதுரமுனைகள் கொண்ட 13 அம்பியர்ச் செருகியைத் திறந்து, புவிமுனை மேலிருக்குமாறு உட்புறத்தை நோக்குங்கள். பச்சையும் மஞ்சளும் கலந்த புவிக்கம்பி மேல்முனைக்கும், நீலநிற நொதுமற்கம்பி இடமுனைக்கும், கபிலநிற உயிர்க்கம்பி உருகி அமைந்த வலமுனைக்கும் உரியவை. பழைய வடங்களில் முறையே பச்சை, கறுப்பு, சிவப்பு என்பன காணப்படும். புவிக்கம்பியைச் சற்று நீளமாக விடுங்கள். வடம் இழுபட்டால் அது இறுதியாகவே கழல வேண்டும். உறையைச் சீவும்போது செம்பிழை வெட்டுப்படலாகாது. இழைகளை முறுக்கித் திருகாணியின் கீழ் இறுக்குங்கள். ஓரிழையேனும் வெளியே நீட்டி நிற்கக்கூடாது. வடத்தின் வெளியுறை செருகியிலுள்ள பிடியினுள் அகப்பட்டிருத்தல் அவசியம். இல்லையேல் இழுவை முழுவதும் திருகாணிகளிலேயே விழும். அழுத்திக்கு 13 அம்பியர் உருகியும், மேசைவிளக்குப் போன்ற சிறு பொருள்களுக்கு 3 அம்பியர் உருகியும் பொருந்தும். உருகிக்குப் பதிலாகக் கம்பித்துண்டையோ வெள்ளீயத் தாளையோ வைத்தல் எக்காரணத்தாலும் ஆகாது.

மூடியைப் பூட்டியபின் வடத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். அது அசையலாகாது. பாவிக்கத் தொடங்கிச் சிறிது நேரத்தில் மின்னோட்டத்தை நிறுத்தி, செருகியைத் தொட்டுப் பாருங்கள். அளவுக்கு மீறிச் சுடுமாயின் மின்வினைஞரை அழையுங்கள்.

வடங்கள் பழுதாவதற்குக் கழற்றும் முறையும் ஒரு காரணமாகும். ஆதலால் செருகியைப் பற்றிக் கழற்றுங்கள். வடத்தைப் பற்றி இழுக்காதீர்கள். வீட்டுச் சிறுவருக்கும் இப்பழக்கத்தைக் கற்பியுங்கள்.